மேவிசம்மாவின் முதுகு

சாலிகிராமத்தில் எங்கள் தெருவுக்கு மேவிஸ் பிளன்டெல் என்கிற இங்கிலாந்து நடிகை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஆட்டோவில் வந்து இறங்கினார்; இறங்கி, ஆட்டோக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு, வீட்டு நம்பரைத் தேடித் திரும்பியபோது அவருடைய முதுகு, "பெட்டியை மெதுவா இறக்குப்பா, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு" என்று கணீரென்ற தமிழில் சொன்னது. ஆட்டோக்காரர் "சரிக்கா" என்று மெதுவாகவே இறக்கினார். முதுகு பேசுகிறதே என்று அவரும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் டப்பிங்காரர்கள். மூன்றாம் நம்பர் வீட்டில் தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒரு மனிதர் இருபது வருஷமாகக் கார்ட்டூன் எலிக்குப் பேசுகிறார். அவருக்கு எதிர்வீட்டு அம்மா பேய்களுக்கு மட்டும் பேசுவார், மற்றபடி பரம சாது. யார் குரல் யார் உடம்பிலிருந்து வருகிறது என்று விசாரிப்பது எங்கள் தெருவில் மரியாதைக் குறைவு.

என் பெயர் ஏகாம்பரம். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவன். வசனம் என்றால் ஏதோ இலக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம், நான் எழுதுவது உதட்டுக்கு. வெள்ளைக்காரி வாயைத் திறந்து மூடுவதற்குள் ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தை உள்ளே தள்ள வேண்டும். தள்ளிய பிறகும் அவள் வாய் ஆடிக்கொண்டிருந்தால் 'தெரியுமா', 'அதாவது வந்து', 'அட கடவுளே' என்று எதையாவது போட்டு அடைக்க வேண்டும். தமிழ்நாட்டு டி.வி.யில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் நிமிஷத்துக்கு ஒருதரம் 'தெரியுமா' என்று கேட்பதற்கு நானும் என்னைப் போன்ற நாலு பேரும்தான் காரணம். ஆனால் நடிப்பவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிவிட்டால் எங்களுக்குத் தீபாவளி. உதடு தெரியாது. என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம்.

மேவிசம்மாவின் தொழில் வாழ்க்கை முழுக்க அந்த முதுகில்தான் நடந்தது. இங்கிலாந்தின் வடக்கே, மழையும் காற்றும் மாறி மாறி அடிக்கிற ஒரு கடற்கரை ஊரில், மீன் பொரித்து விற்பவரின் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் நடிகையாகிவிடுவது என்று லண்டனுக்கு ரயிலேறி, முதல் படத்தில் ஆஸ்பத்திரித் தாதியாக ஒரு தட்டைக் கொண்டுபோய் வைத்தார். அந்த டைரக்டர் அவருடைய தோள்களைப் பார்த்துவிட்டார். ஒருவர் தோளுக்கு மேலாக எதிராளியின் முகத்தைக் காட்டுவதை எங்கள் சினிமாக்காரர்கள் சஜஷன் ஷாட் என்பார்கள். அதற்கு நிற்கிறவரின் தோள் மறைக்கவும் கூடாது, அசையவும் கூடாது. அப்படி ஒரு தோள் மேவிசம்மாவுக்கு வாய்த்திருந்தது, அன்றோடு அவர் முகத்துக்கு வேலை போயிற்று. நாற்பது வருஷத்தில் அறுபத்திரண்டு படங்களிலும் எண்ணற்ற தொடர்களிலும் திரைச்சீலையை விலக்கினார், கதவைத் திறந்தார், டீ ஊற்றினார், கதாநாயகிகள் தம் தோளுக்கு மேலே அழுவதற்கு வசதியாக நின்றார், துப்பறியும் தொடர்களில் நாலுதரம் கொலையும் ஆனார். நாலுதரமும் பிணம் குப்புறத்தான் கிடந்தது. ரசிகர்கள் தெருவில் பின்னால் வரும்போது அவரை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வருவார்கள். முன்னால் வந்து பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

கடைசியாகக் கிடைத்தது ஒரு தொடர். கடற்கரையில் ஒரு தங்கும் விடுதி, அதை நடத்தும் குடும்பம், அந்தக் குடும்பத்தின் விதவை அக்கா மார்த்தா. மார்த்தாவுக்கு வேலை, பின்னணியில் நின்று தட்டு கழுவுவது. பதினோரு வருஷம் மேவிசம்மா தட்டு கழுவினார். ஆங்கிலத்தில் மார்த்தா மொத்தமாகப் பேசியது ஒரு பக்கம் தேறாது. தமிழில் அது 'அலைவாய் இல்லம்' என்று மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது, அங்கே கதையே வேறு. முன்னால் நிற்கிற தம்பியும் தம்பி பெண்டாட்டியும் தங்கள் உதட்டுக்குள் அடங்கி, தெரியுமா தெரியுமா என்று திணறிக்கொண்டிருக்க, பின்னால் தட்டு கழுவுகிற முதுகுக்கு நான் இஷ்டத்துக்கு எழுதினேன். மார்த்தா அக்கா தம்பியைத் திட்டினாள், தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி சொன்னாள், வாடகைக்கு வந்தவன் மூஞ்சி சரியில்லை என்று நாலு வாரம் முன்பே கண்டுபிடித்தாள். மதுரையிலும் ஈரோட்டிலும் பெண்கள் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து பார்த்தார்கள். இங்கிலாந்தில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு அம்மா இங்கே கதாநாயகியாகிவிட்ட சங்கதி அவருக்கே தெரியாது.

அந்த முதுகுக்குக் குரல் கொடுத்தவள் ரஞ்சிதம். இருபத்தேழு வருஷமாக மும்பை கதாநாயகிகளுக்கும், தொலைந்துபோன குழந்தைகளுக்கும், பற்பசைக்கும், இரண்டு கிளிகளுக்கும் பேசியவள். அண்ணன் வீட்டு மாடியறையில் தனியாக இருந்தாள். குரலைக் காப்பாற்ற வேண்டுமென்று வீட்டில் வாயே திறக்க மாட்டாள்; மிளகு போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். அவளுடைய சொந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். கடைசி எபிசோடில் விடுதியை விற்றுவிடுகிறார்கள். மார்த்தா ஜன்னலோரம் நின்று கடலைப் பார்க்கிறாள், முழுசாக இரண்டு நிமிஷம், முதுகு மட்டும். ஆங்கிலத்தில் சத்தமே இல்லை. அன்று எனக்கு மச்சினன் கல்யாணம், கையில் பேப்பரும் இல்லை. "பேக் ஷாட் தானேம்மா, வாய்க்கு வந்ததைப் பேசி முடிச்சிரு" என்று ரஞ்சிதத்திடம் சொல்லிவிட்டுப் பந்திக்கு ஓடிவிட்டேன். எந்த எழுத்தாளனும் செய்யக்கூடாத காரியம், ஆனால் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்.

ரஞ்சிதம் பேசினாள். எத்தனை பேருக்காக அழுதிருப்பேன், எத்தனை பேருக்குப் பிள்ளை பெத்து வலியில கத்தியிருப்பேன், என் வலிக்கு ஒரு சத்தம் இருக்கான்னு யாராவது கேட்டீங்களா என்று தொடங்கி இரண்டு நிமிஷம் பேசினாள். அது ஒளிபரப்பான மத்தியானம் எங்கள் தெருவில் மெஸ் நடத்தும் வாசுகியக்கா சாம்பார் கரண்டியோடு நின்று அழுதார். ஒளிபரப்பு முடிந்த அதே நிமிஷம், கறிகாய் வண்டிக்காரரிடம் கத்திரிக்காயைக் காட்டி வாயைத் திறந்த ரஞ்சிதத்துக்குக் குரல் வரவில்லை. அதே நிமிஷம், இங்கிலாந்தில், கெட்டிலில் தண்ணீர் பிடிக்கத் திரும்பிய மேவிசம்மாவின் முதுகு, "ஏன் இந்தத் தண்ணி இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றது.

ரஞ்சிதத்தின் தொண்டைக்குள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லா இருக்கும்மா, குரல்தான் வீட்ல இல்ல" என்றார். அண்ணன் வீட்டில் அவள் குரல் போனது மூன்று நாள் யாருக்கும் தெரியவே இல்லை.

மேவிசம்மாவுக்கு முதுகு என்ன பாஷை பேசுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. கடைசியில் அவர் ஊர்த் தெருமுனைக் கடைக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர், பால் எடுக்கத் திரும்பிய முதுகைக் கேட்டுவிட்டு, "ஐயோ, நீங்கள் அலைவாய் இல்லத்து மார்த்தா அக்கா எல்லோ!" என்று கல்லாவை விட்டு எழுந்து நின்றாராம். அவர்தான் எங்கள் டப்பிங் தியேட்டருக்குப் போன் போட்டார்.

இப்படித்தான் மேவிசம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். அவருக்கும் அவசரம் இருந்தது. அறுபத்தொரு வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக, கதாநாயகி வேடம் வந்திருந்தது. ஒரு இளம்பெண் எடுக்கிற படம்; முகமும் உண்டு, வசனமும் உண்டு. ஆனால் கடைசிக் காட்சியில் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி இரண்டு நிமிஷம் பேசாமல் நடந்து போக வேண்டும். முதுகு பேசினால் வேடம் வேறொருவருக்குப் போய்விடும். படப்பிடிப்புக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. ரஞ்சிதத்துக்கோ குரல் இல்லாவிட்டால் தொழிலே இல்லை, ஏற்கெனவே அவளுடைய மும்பைக் கதாநாயகிகளை இரண்டு சின்னப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் இந்த அம்மாவின் முதுகை விட்டு அவள் தொண்டைக்குத் திரும்பியாக வேண்டும், அது இரண்டு பேருக்குமே ஜீவமரணப் பிரச்சினை.

மாடியறையில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். மேவிசம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பிறகு, இதற்கு முகம் உதவாது என்று புரிந்தவராக மெல்லத் திரும்பி நின்றார்.

"வாடி ரஞ்சிதம், இளைச்சுட்டியே" என்றது முதுகு.

ரஞ்சிதம் சத்தமில்லாமல் அழுதாள். ஆனால் குரல் திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை.

குரலை இறக்க எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தோம். மிளகு வெந்நீரால் முதுகில் ஒத்தடம் கொடுத்தோம். "காரமா இருக்கு, உப்பு போடு" என்றது. வடபழனி கோவிலுக்குக் கூட்டிப்போனோம். மேவிசம்மா சந்நிதியைப் பார்த்துக் கும்பிட, முதுகு பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒழுங்குபடுத்தியது. இதற்கிடையே மார்த்தா அக்கா வந்திருக்கிறார் என்று செய்தி பரவி, விருகம்பாக்கம், கே.கே. நகர், போரூரிலிருந்தெல்லாம் பெண்கள் வந்துவிட்டார்கள். மேவிசம்மா சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகம் படிக்க, பின்னால் வரிசையாக வந்து பெண்கள் தங்கள் சங்கடங்களைச் சொன்னார்கள், முதுகு தீர்ப்புச் சொன்னது. மெஸ்ஸில் வாசுகியக்கா அவருக்குப் பரிமாறும்போது முன்னால் இலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்று கேட்பார். ஒரு வாரத்தில் தெருவே பழகிவிட்டது. அவரிடம் பேச வேண்டுமென்றால் பின்பக்கமாக வருவதுதான் பண்பாடு என்றாகி, முன்னால் வந்து நிற்கிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுகொண்டோம்.

கவுன்சிலர் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார். நாற்காலியைக் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப்போட்டு, மேவிசம்மாவை உட்காரவைத்து, 'எங்கள் மார்த்தா அக்காவே' என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, மரபுப்படி ஒரு பொன்னாடையைத் தோளில் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. உள்ளேயிருந்து மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு முனகல் வந்தது. வாசுகியக்கா மேடையேறிப் பொன்னாடையைப் பிடுங்கிய பிறகுதான், "மரியாதை பண்றேன்னு கழுத்தை நெரிக்கிறியேய்யா!" என்று முதுகு கத்தியது. கவுன்சிலர் அன்றிலிருந்து யாருக்கும் பொன்னாடை போர்த்துவதில்லை, கையில்தான் கொடுக்கிறார். டப்பிங் சங்கமும் சும்மா இருக்கவில்லை. குரல் உறுப்பினர், முதுகு உறுப்பினரில்லை, இவர்கள் சேர்ந்து பேசினால் விதிமீறலா இல்லையா என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, டீ குடித்துக் கலைந்தார்கள்.

மேவிசம்மாவுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், நாற்பது வருஷம் என் தோளுக்கு மேலாக வேறு யாரையோ பார்த்தார்கள் மிஸ்டர் ஏகாம்பரம், இங்கே என் தோளையே பார்க்கிறார்கள் என்று. அப்படிச் சொல்லிவிட்டுக் காலண்டரையும் பார்த்தார். ஐந்து நாள் பாக்கி இருந்தது.

கடைசியில் தியேட்டரில் வைத்துப் பேசிவிடுவது என்று முடிவாயிற்று. குரல் பிறந்து வளர்ந்த இடம் அதுதானே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினீயர் ஞானசிகாமணி. இந்தப் பக்கம் மைக், திரும்பி நிற்கும் மேவிசம்மா, அவர் பின்னால் ரஞ்சிதம், ஓரத்தில் பேப்பர் கட்டோடு நான். மைக் இருக்கும் அறையில் சத்தம் பதிந்துவிடும் என்று ஃபேன் போடுவதில்லை, எல்லாரும் புழுங்கிக்கொண்டிருந்தோம். நான் மூன்று நாள் கண்விழித்து எழுதிய வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். 'ஓ என் குரலே, பிரிந்த பறவையே' என்று ஆரம்பிக்கும்.

முதுகு சிரித்தது. "அண்ணே, இதுக்கும் 'தெரியுமா' போட்டிருக்கீங்களா?"

போட்டிருந்தேன்.

"நான் எதுக்கு வரணும், சொல்லுங்க" என்றது குரல். "இருபத்தேழு வருஷம் கண்டவ வாயைத் திறந்தா திறந்தேன், மூடினா மூடினேன். எனக்குச் சிரிப்பு வந்தா அவ அழுவா. இங்க உதடே கிடையாது. மகாராணி மாதிரி இருக்கேன்."

ரஞ்சிதம் என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிப் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன்: "நீ வராவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை."

"வந்தாலும் அந்தப் பிழைப்பு கிடையாது. அடுத்தவ உதட்டுக்கு இனிமே பேச மாட்டேன், இது சத்தியம். உன் உதட்டுக்குன்னா வர்றேன். யோசிச்சுக்கோ."

ரஞ்சிதம் மைக்கைப் பார்த்தாள். அந்த மைக்குக்கு முன்னால்தான் அவள் நரைத்தாள். அதை விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கே பதைத்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மேவிசம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனாலும் அவர் இம்மியும் அசையாமல் நின்றார், நாற்பது வருஷமாக மற்றவர்களுக்காக நின்ற மாதிரியே. பிடரியிலிருந்து ஒரு வேர்வைக் கோடு சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. ரஞ்சிதம் அந்த வேர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உதட்டை அசைத்தாள். சத்தமில்லை, உதடு மட்டும். யார் எழுதிக் கொடுத்ததும் இல்லை. இருபத்தேழு வருஷப் பழக்கம் லேசில் போகுமா, உதடு அசைந்தால் அந்தக் குரலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மேவிசம்மாவின் முதுகிலிருந்து, ரஞ்சிதத்தின் உதட்டோடு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல், குரல் வந்தது:

"ஞானம், ஃபேனைப் போடுப்பா. அந்தம்மாவுக்கு வேர்க்குதுல்ல? எவ்வளவு நேரமா நிக்கிறாங்க, ஒரு ஸ்டூல் போட யாருக்கும் தோணலையா?"

'ஸ்டூல்' என்ற சொல்லின் நடுவில் சத்தம் இடம் மாறியது. சொல்லின் முன்பாதி முதுகிலிருந்து வந்தது, பின்பாதி ரஞ்சிதத்தின் வாயிலிருந்து வந்தது. நான் என் காதால் கேட்டேன். ஞானசிகாமணி பழக்க தோஷத்தில் "டேக் ஓகே" என்றான்.

ரஞ்சிதம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இனிமே 'தெரியுமா'ன்னு ஒரு தடவை எழுதினீங்க, கையை ஒடிச்சிருவேன்."

மேவிசம்மா மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார், மறுபடி அந்தப் பக்கம் திரும்பினார். முதுகு பேசவில்லை. இன்னொருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். வீட்டில் ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறது என்றார். ரஞ்சிதம் முந்தானையால் அவர் பிடரியைத் துடைத்துவிட்டாள். மறுநாள் விமானத்தில் ஏற்றிவிட்டோம்.

ரஞ்சிதம் டப்பிங் கார்டைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசுகியக்காவோடு மெஸ்ஸில் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு தெரு பட்ட பாடு சொல்லி மாளாது. இருபத்தேழு வருஷத்துப் பேச்சு பாக்கி அவளிடம் இருந்தது. காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது தொடங்கினால் கடை சாத்தும்வரை ஓயாது. கவுன்சிலரின் சாக்கடைத் திட்டம், அண்ணன் வீட்டார் மூன்று நாள் கண்டுகொள்ளாதது, எலிக்குப் பேசுகிறவர் அளவு மீறிச் சாப்பிடுவது, நான் மச்சினன் கல்யாணத்துக்கு ஓடியது, எதையும் விடவில்லை. கிளிகளுக்குப் பேசியபோது வந்த எரிச்சலைக்கூட ஒரு முழு மத்தியானம் சொன்னாள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை, சாம்பாருக்காக மட்டும் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மேவிசம்மாவின் படம் தமிழுக்கு வந்தது. சேனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "கடைசியில ரெண்டு நிமிஷம் அந்தம்மா சும்மா நடந்து போகுது ஏகாம்பரம். ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. பேக் ஷாட் தானே, நாலு வரி எழுதி அடைச்சிருங்க."

"அந்த இடத்துல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் எழுதாமல் விட்ட முதல் முதுகு அது. அவர் வேறு எழுத்தாளரைத் தேடி எங்கள் தெரு முழுக்கப் போன் போட்டார். ஒருவருக்கும் அன்று கை ஒழியவில்லை.

ஞாயிறு மத்தியானம் மெஸ் நிறைந்திருந்தது. படம் ஆரம்பித்ததிலிருந்து ரஞ்சிதம் பேசிக்கொண்டே இருந்தாள். பாரு, முகத்தைக் காட்டறாங்க, நல்ல மூக்கு, இந்தச் சட்டை அவளுக்குப் பொருத்தமில்லை, இவன் நல்லவனில்லை பாரு என்று. படத்தின் வசனத்தைவிட அவள் வசனம்தான் அதிகம் கேட்டது. பிறகு அந்த மரப்பாலம் வந்தது. மேவிசம்மா கேமராவுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினார். டி.வி.யில் சத்தமே இல்லை, அலைச் சத்தம்கூட இல்லை. மெதுவாகப் போனார், ஓரிடத்தில் தோள் லேசாகத் தாழ்ந்தது, பிறகு நிமிர்ந்தது, அவ்வளவுதான். எங்கள் எல்லாருக்கும் பழக்கம் விடவில்லை, டி.வி.யைப் பார்த்தோம், ரஞ்சிதத்தைப் பார்த்தோம், அவள் எதையாவது சொல்லித் தொலைக்க மாட்டாளா என்று காத்திருந்தோம். பொறுக்க முடியாமல் கவுன்சிலர் தொண்டையைச் செருமினார்.

ரஞ்சிதம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்! அவ நடிச்சிட்டிருக்கா."